ரெண்டு பாட்டு ஈரம்

"ஏனம்முணி, போசி என்ன சொல்லுது? என்ற மேசைல எவன் குடியிருக்கறானாம்?"

பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டும் செல்லக்கிளி இப்படிக் கேட்டதும் மூன்றாம் வரிசை முழுக்கச் சிரித்தது. துளசிமணி கையிலிருந்த கருவியை மேசை மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே, திரும்பாமல் பதில் சொன்னாள்.

"ஒருத்தனும் இல்லீங். சளிக்காரன் ஒருத்தன் எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கறான். மருந்து போட்டாச்சு. இனி ஒம்பது மணி நேரத்துக்கு எவனும் இந்தப் பக்கம் வரமாட்டான்."

"அப்படியா? அதையே என்ற ஊட்டுக்காரருக்கும் ஒரு கை அடிச்சு உடு புள்ள."

மறுபடியும் சிரிப்பு. தூணுக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றிருந்த நாச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏழு மாதத்துக்கு முன்னால் இந்தக் கேலியும் சிரிப்பும் தன்னைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தன என்பது அவளுக்கு மறக்கவில்லை.

அந்தக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. பார்க்கச் சோறு கொண்டுவரும் தூக்குப்போசி மாதிரி இருந்ததால் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் அதைப் போசி என்றே கூப்பிட்டார்கள். மேசை மேல் வைத்தால் ஒரு மூச்சு இழுக்கும். எந்த வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சின்னச் சீட்டு ஒன்றைத் துப்பும். பிறகு அந்த மேசைக்கு எது சரியோ அந்தக் கிருமிநாசினியைத் தன் வயிற்றுக்குள்ளேயே கலந்து பனி மாதிரி தூவும். தூவியது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து நிற்கும். அதன் மேல் வந்து உட்காருகிற வைரஸ் எழுந்திருக்காது. மேசைத் தோல் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

நாடெங்கும் பரவின மூன்றாம் காய்ச்சலுக்குப் பிறகு வந்த சட்டம் கடுமையானது. ஒரே வரிசையில் மூன்று பேர் மூன்று நாளுக்குள் படுத்துவிட்டால் கம்பெனியை இருபத்தொரு நாள் பூட்டி முத்திரை வைப்பார்கள். காரணம் இன்னதென்று நிரூபித்தால் மட்டும் ஐந்து நாளோடு விடுவார்கள். அதனால் ஒவ்வொரு கம்பெனியிலும் கிருமிநாசினியைத் தேர்ந்தெடுக்கவென்றே ஓர் ஆள். அந்த நாற்காலியில் பதினேழு வருஷம் உட்கார்ந்தவள் நாச்சம்மாள்.

உட்கார்ந்தவள் என்பது பேச்சுக்குத்தான். அவள் எங்கே உட்கார்ந்தாள்? காலையில் வந்ததும் பிளீச்சிங் தண்ணீரைப் புதிதாகக் கலப்பாள். முந்தின நாள் மிச்சத்தைத் தொடமாட்டாள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கத்திரிக்கும் மெஷின் தலைக்கும் ஸ்பிரிட். கக்கூஸுக்கும் குழாய்க்கும் பிளீச்சிங். மேசைக்கு முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் மருந்து. மருந்தை அடித்த கையோடு துடைக்க வந்தவளைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அடியே, மருந்து போட்டு ஈரத்தோட பத்து நிமிஷம் கெடக்கோணும். காயறதுக்கு முந்தித் தொடைச்சா வைரஸுக்குக் குளிப்பாட்டி உட்ட மாதிரிதான்."

"பத்து நிமிஷத்தை நான் எங்கக்கா போய்ப் பாக்கறது?"

"ரேடியோவுல ரெண்டு பாட்டு ஓடற வரைக்கும் மேசையத் தொடாதே. அவ்வளவுதான் கணக்கு."

அப்படி வந்ததுதான் ரெண்டு பாட்டு. ஷிப்டு ஆரம்பத்தில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு முறை. மேசைகள் ஈரத்தோடு கிடக்கும். அத்தனை மெஷினும் நிற்கும். நானூறு பெண்களும் எழுந்து இடுப்பை நிமிர்த்துவார்கள். தண்ணீர் குடிப்பார்கள். ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி பூ வைத்துவிடுவாள். ரெண்டாவது பாட்டு நீளமாக வந்துவிட்டால் நாச்சம்மாளுக்குக் கைதட்டு விழும், ஏதோ அவளே பாடின மாதிரி.

அதெல்லாம் தை மாதத்தோடு போயிற்று. போசியைத் தூக்கிக்கொண்டு துளசிமணி வந்தாள்.

அயலாள் வந்திருந்தால் இத்தனை எரிச்சல் இருந்திருக்காது. துளசிமணியும் நாச்சம்மாளும் இதே கம்பெனியில் ஒரே வாரத்தில் கைமடியாக, துணி மடித்து நூல் பிசிரு வெட்டும் உதவியாளாக, வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு சம்படத்துச் சோற்றை இரண்டு பேரும் பிசைந்து தின்றவர்கள். நாச்சம்மாள் நான்கு வயது மூத்தவள். அதனால் அக்கா. ஐம்பது வயதில் எவளாவது பரீட்சை எழுதப் போவாளா? இவள் போனாள். ஆறு மாதம் கோயமுத்தூரில் படித்துவிட்டு, கழுத்தில் அட்டை தொங்க வந்து நின்றாள்.

போசி வந்த நாளில் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கச் சொன்னதையும் நாச்சம்மாள் மறக்கவில்லை.

"வைரஸுல ரெண்டு தினுசுங்," என்றாள் துளசிமணி. "ஒண்ணு சட்டை போட்டது. கொழுப்புல தெச்ச சட்டை. சோப்போ ஸ்பிரிட்டோ பட்டாப் போதும், சட்டை கரைஞ்சு செத்துப்போயிரும். இன்னொண்ணு சட்டையே போடாதது. வாந்தி பேதிக்காரன் அந்த ரகம். அவனுக்குச் சோப்பும் ஒண்ணுதான், பச்சத்தண்ணியும் ஒண்ணுதான்."

"வெக்கங்கெட்டவன்," என்று செல்லக்கிளி குரல் கொடுத்தாள்.

"அதே தானுங். எந்த மேசைல எவன் இருக்கறான்னு தெரியாம எல்லாத்துக்கும் ஒரே மருந்த ஊத்தினா பாதி வீணு. போசி ஆளைப் பாத்து மருந்து கலக்கும். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டியதில்லீங். தூவின உடனே தெக்கலாம்."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அப்ப அந்த ரெண்டு பாட்டு?"

துளசிமணி நாச்சம்மாள் பக்கம் பார்த்தாள். "அது... தேவைப்படாதுங்."

அன்றைக்கே ரேடியோவைக் கழற்றிக் கொண்டுபோய் ஸ்டோரில் போட்டார்கள். ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒரு மாதத்தில் அதுவும் அடங்கிவிட்டது. கைக்குப் பிளீச்சிங் எரிச்சல் இல்லை, மூக்குக்கு நெடி இல்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை. யார்தான் குறை சொல்வார்கள்?

நாச்சம்மாளுக்கு மிஞ்சியது வாளியும் துணியும். தினமும் சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் மூன்றாம் வரிசை மேசைகளைத் துடைத்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் துளசிமணி வந்து படலம் போடுவாள்.

"அக்கா, தொடைக்கறதுக்குப் பச்சத்தண்ணி போதுமுங். சோப்பு வேண்டாம். ஏன்னாக்க..."

"எனக்கே பாடமா? நீ பிசிரு வெட்டிட்டிருந்தப்பவே நான் மேசை தொடைச்சவ."

"அதுக்கில்லக்கா..."

"உன்ற போசியப் பாத்துக்க. என்ற வாளிய நான் பாத்துக்கறேன்."

துளசிமணி போசியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். நாச்சம்மாளும் அந்தச் சாயங்காலமே வாளியில் ஒரு கட்டிச் சலவைச் சோப்பைச் சீவிப் போட்டாள்.

கெடுக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். மெஷின் எண்ணெயும் நூல் தூசியும் சேர்ந்து அப்பின மேசைக்குச் சோப்பில்லாமல் எப்படி? அது ஒன்று. இன்னொன்று மனசுக்குள் ஒளிந்திருந்தது. நாளைக்கு இந்த வரிசையில் யாரும் படுக்காவிட்டால் அதில் பாதியாவது தன் சோப்பினால் என்று இருக்க வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம், தனக்குத் தெரிந்தால் போதும். துளசிமணிக்கு யாராவது கும்பிடு போடுகிறபோதெல்லாம் நாச்சம்மாள் தன் வாளியைப் பார்த்துக்கொள்வாள். பாதி எனக்கு.

இப்படியே மாதங்கள் போயின. யாரும் படுக்கவில்லை.

துளசிமணி மட்டும் தினமும் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றாள். வாட்ச்மேன் இதைச் சொன்னபோது நாச்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு கண்ணுல படறதுக்காம் அத்தனை வெள்ளனே வாரா? மேனேஜரு வாரதுக்குள்ள ஒரு பவுசு காட்டோணும்னா?"

"அவ கையப் பாத்தீங்களாக்கா?" என்றாள் செல்லக்கிளி. "வெரலெல்லாம் ஊறிச் சுருங்கிக் கெடக்குது. போசி புடிக்கறவளுக்குத் தண்ணில என்ன வேலை?"

"மூஞ்சி கழுவிக் கழுவி மினுக்கறா போல."

"உங்களுக்கு நெம்பப் பொறாமைக்கா."

"பொறாமையா? அவ மேலயா?" என்று நாச்சம்மாள் சிரித்தாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி பிறந்ததும் சேதி வந்தது. மாநிலத்திலேயே சிறந்த தொழிற்சாலைச் சுகாதாரத்துக்கான விருது துளசிமணிக்கு. சென்னையில் விழா. மூன்று நாள் போக வேண்டும். கண்காட்சியில் வைப்பதற்காகப் போசியையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

கிளம்புகிற அன்று அவள் நாச்சம்மாளைத் தேடிக்கொண்டு வாளிகள் வைக்கிற இடத்துக்கே வந்தாள்.

"அக்கா, மூணு நாளைக்கு நீங்கதான் பாத்துக்கோணும். எல்லா ரகத்துக்கும் ஆகற மாதிரி கேன்ல மருந்து கலந்து வெச்சிருக்கறேன். காலைல அதைத் தூவி உட்டாப் போதும்."

"தெரியும்."

"தூவறதுக்கு முந்தி, கோவிச்சுக்காதீங்க்கா, ரெண்டு தடவை வெறும் பச்சத்தண்ணில அலசி உட்ருங்க. எனக்காக."

"போயிட்டு வா. மாலைய மறக்காம வாங்கிட்டு வா."

துளசிமணி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கார் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் செல்லக்கிளி தன் போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். மேடையில் துளசிமணி. பட்டுப்புடவை. கையில் கேடயம். பக்கத்தில் ஒரு பீடத்தில் போசி. அதற்குக்கூட ஒரு மாலை.

"போசிக்கு மாலையப் பாருங்க்கா!"

"பாத்தேன் பாத்தேன்."

அன்று சாயங்காலம் நாச்சம்மாள் வாளியில் இரண்டு கட்டி சோப்பைச் சீவினாள். மூன்றாம் வரிசை மேசைகளை நுரை பொங்கத் தேய்த்தாள். கை வலிக்கத் தேய்த்தாள். ஒவ்வொரு மேசைக்கும் அந்தப் பட்டுப்புடவை ஞாபகம் வந்தது. நுரையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வாசம் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். இது மேசை! காலையில் கேனை எடுத்து அதன் மேலேயே தூவினாள். பச்சைத்தண்ணீர் அலசல் எல்லாம் அவளுக்கு ஞாபகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஞாபகம் வந்தது. எனக்காக என்று அவள் சொன்னதும் வந்தது. அதனால்தான் செய்யவில்லை.

அதற்கு மறுநாள் செல்லக்கிளி மெஷினிலிருந்து எழுந்து ஓடினாள். கக்கூஸ் வாசலிலேயே வாந்தி. சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி. அடுத்த நாள் காலையில் இன்னும் இரண்டு பேர். செல்லக்கிளி மட்டும் ஆஸ்பத்திரியில். கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

நாச்சம்மாள் போனில் கூப்பிட்டாள். எடுத்தது யாருடைய குரல் என்றே தெரியவில்லை, அத்தனை மெலிந்திருந்தது.

"செல்லக்கிளி... எப்படி இருக்கறே?"

"சட்டை போடாதவனாமா. டாக்டரு சொல்றாரு." இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். "நீங்க சொன்னது சரிதானுங்க்கா. அவ தோலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்க ரெண்டு பாட்டே நல்லா இருந்துச்சு."

ஏழு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாச்சம்மாள் காத்திருந்தாள். வந்துவிட்டது. அது உள்ளே இறங்குகிறபோது ஏன் இப்படிக் கசந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பதினொரு மணிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டரம்மா வருவதாகத் தகவல். பத்தரை மணிக்கே மேனேஜர் நாச்சம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அக்கா, சுத்தி வளைக்கல. காரணம் தெரியலன்னா இருபத்தொரு நாளு. நானூறு பேரு அடுப்பு அணைஞ்சிரும். துளசிமணி மருந்து கலந்ததுல தப்புன்னு எழுதிட்டா அஞ்சு நாளோட போகும். அவளும் ஒத்துக்கறேங்கறா."

"அவளே ஒத்துக்கறாளா?"

"காலைல ஊரு வந்து எறங்குனதும் எழுதித் தாரேன்னு போசி ரூம்ல உக்காந்திருக்கறா. லைசென்ஸ் போகும், பாவம். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடோணும். அந்த மூணு நாளும் கேனை நீங்கதான தூவுனீங்க? அப்பறம் பழையபடி நீங்களே தேர்வு பண்ணுங்க. நாளைக்கே அந்த ரேடியோவ மாட்டிரலாம்."

எல்லாமே திரும்பி வருகிறது. நாற்காலி, ரேடியோ, கைதட்டு. ஒரு கையெழுத்து. நாச்சம்மாள் எழுந்தாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாரேனுங்."

எதற்குப் போனாள்? ஆறுதல் சொல்லவா, தோற்றவளின் முகத்தைப் பார்க்கவா? அவளைக் கேட்டால் ஆறுதல் சொல்ல என்றுதான் சொல்லியிருப்பாள்.

துளசிமணி பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். மேசை மேல் கேடயம் இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. நாச்சம்மாள் காகிதத்தை எடுத்துப் படித்தாள். நாள்பட்ட பழைய சரக்கை நான் கவனக்குறைவாகக் கலந்துவிட்டேன்.

"பழைய சரக்கா? நீயா? தேதி பாக்காம தண்ணியக்கூடக் குடிக்க மாட்டியே. பொய்ய எதுக்கு எழுதறே?"

"விடுங்க்கா."

"என்ன விடறது? மருந்து நல்லா இருந்துச்சுன்னா ஏன் வேலை செய்யல?"

துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, ரப்பர் போட்டுக் கட்டின ஒரு கட்டுச் சீட்டை எடுத்து வைத்தாள். போசி துப்பின சீட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி, மேசை எண். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே: எச்சம், சோப்பு.

"மொத நாள்ல இருந்தே போசி சொல்லிட்டுத்தான் இருந்துச்சு."

நாச்சம்மாளின் கை சீட்டிலிருந்து பின்வாங்கியது.

"சோப்பு இருந்தா என்ன? சுத்தந்தான?"

"சோப்புக்கு ஒரு பக்கத்து மின்சாரம், இந்தப் படலத்துக்கு எதிர்ப் பக்கத்து மின்சாரம். பாத்த உடனே ரெண்டும் கட்டிப்புடிச்சுக்கும். கட்டிப்புடிச்சபடியே ரெண்டும் செத்துப்போயிரும். மேசை பளபளன்னு இருக்கும், ஆனா அதுல தோல் இருக்காது. சட்டைக்காரனையாவது உங்க சோப்பே கொன்னுரும். சட்டை போடாதவன் தெம்பா உக்காந்திருப்பான்."

"அப்ப இத்தன மாசமா எப்படி..."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாச்சம்மாளின் கண் துளசிமணியின் விரல்களில் விழுந்தது. ஊறிச் சுருங்கின விரல்கள்.

"கழுவுனியா?"

"ஒரு மணி நேரம் ஆகுமுங். மூணு தடவை பச்சத்தண்ணி. அப்பறம் மறுபடி போசிய வெப்பேன். ரெண்டாவதா வார சுத்தமான சீட்டை நோட்டுல ஒட்டிருவேன். மொதச் சீட்டு இந்தப் பைக்கு."

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"சொல்ல வந்தேன். எனக்கே பாடமான்னீங்க."

"அப்பறமாச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களாக்கா?"

நாச்சம்மாளுக்கு வாயில் பதில் வந்தது. பொய் என்று தெரிந்ததால் அதை வெளியே விடவில்லை.

"இந்தச் சீட்டுல ஒண்ணு நோட்டுல ஏறியிருந்தாலும் சோப்புப் போட்டது யாருன்னு கேப்பாங்க. அப்பறம் உங்களை எந்தக் கம்பெனிலயும் மேசைப் பக்கமே விடமாட்டாங்க. சீட்டை மறைச்சது என்ற தப்பு. அதனால என்ற தலையோட போகட்டும்."

"நான் என்ன உன்ற பங்காளியா, பொறந்தவளா? எதுக்கு இந்தத் தியாகம்?"

"தியாகமெல்லாம் இல்லீங்க்கா." துளசிமணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே மெஷின்கள் அசையாமல் கிடந்தன. "ரெண்டு பாட்டு தேவையில்லைன்னு சொன்னது இந்த வாய்தான். அன்னைக்கு அத்தனை பேர் மூஞ்சியும் விழுந்துச்சே, உங்க மூஞ்சியும். வெள்ளனே வந்து கழுவறப்ப போன்ல பாட்டு வெச்சுக்குவேன். கடனக் கழிக்கற மாதிரி இருக்கும்."

நாச்சம்மாள் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. பரீட்சையில் இவள் முந்தினாள். போசியில் முந்தினாள். மேடையில் முந்தினாள். இப்போது நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டு நிற்கிறாள்!

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மேலே மேனேஜர் அறைக் கதவு திறந்து மூடியது.

"இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க," என்று துளசிமணி கடிதத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

நாச்சம்மாள் அதைப் பறித்து நான்காகக் கிழித்தாள். மூலையில் மெஷின் தலை துடைக்கிற ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகி, சீட்டுக் கட்டின் மேல் கவிழ்த்தாள். கடையில் பில் அடிக்கிற அந்த ரகத் தாளில் ஸ்பிரிட் பட்டால் என்ன ஆகும் என்று பதினேழு வருஷம் ஸ்பிரிட் பிடித்த கைக்குத் தெரியாதா? ஓரத்திலிருந்து கருக்கத் தொடங்கி, தேதி, மேசை, எச்சம் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டது.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"இதுலயும் நீதான் மொதல்ல நிக்கோணுமா? ஒண்ணுலயாவது எனக்கு வழி விடு புள்ள."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். பின்னால் துளசிமணி ஓடிவருகிற சத்தம் கேட்டதும் இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஐம்பத்து நான்கு வயது முழங்கால் கூச்சல் போட்டது. மேனேஜர் அறைக் கதவை அவள்தான் முதலில் தள்ளினாள்.

"சோப்புப் போட்டது நானுங்க."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் பாதி எழுந்தார்.

"என்ன சோப்பு? விவரமாச் சொல்லுங்க."

சொன்னாள். இரண்டு கட்டி, நுரை, அலசாமல் தூவினது, எல்லாவற்றையும். இன்ஸ்பெக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடியும் இப்படிப் போட்டிருக்கீங்களா?"

கதவருகே துளசிமணி மூச்சிரைக்க வந்து நின்றாள். நாச்சம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லீங். அந்த மூணு நாள்தான். இவ ஊர்ல இருந்தா நடக்குமா?"

"சோப்பு கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னா. காரணமும் சொல்ல வந்தா. நான் காது குடுக்கல."

"ஏன்?"

"பொறாமைங்க."

பேனா நின்றது. "அம்மா, காரணம்னு இருக்கிற கட்டத்துல அதை எழுத முடியாது. பயிற்சிக் குறைவுன்னு எழுதிக்கிறேன்."

அத்தனை நேரம் அமைதியாக நின்ற நாச்சம்மாள் இப்போதுதான் கொதித்தாள்.

"பயிற்சிக் குறைவா? பதினேழு வருஷமா மேசை தொடைச்சவளுக்கா? அதெல்லாம் எழுதாதீங்க. பொறாமைன்னே எழுதுங்க. கட்டம் பத்தலைன்னா பக்கத்துல எழுதுங்க."

ஐந்து நாளில் முத்திரையைப் பிரித்தார்கள். பத்தாம் நாள் செல்லக்கிளி இளைத்துப்போய் வந்து மெஷினில் உட்கார்ந்தாள். நாச்சம்மாளுக்கு இனி எந்தக் கிருமிநாசினியையும் தொட அனுமதி இல்லை. பிசிரு வெட்டுகிற இடத்தில் ஒரு கத்திரியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் துளசிமணியும் உட்கார்ந்திருந்த அதே பலகை.

செல்லக்கிளி மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நான்காவது வாரம் ஒரு சம்படத்தைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவலை. தைரியமாத் தின்னுங்க."

ஆவணி கடைசியில் மேனேஜர் ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். விபத்துக்குப் பிறகு துளசிமணி கொடுத்த யோசனையை எல்லாக் கம்பெனிக்கும் அரசாங்கம் கட்டாயமாக்கிவிட்டதாம். படலம் போடுமுன் மேசையைப் பச்சைத்தண்ணீரில் அலச வேண்டும். அலசிய மேசை துணி படாமல் தானாக உலர வேண்டும். பத்து நிமிஷம். ஷிப்டு ஆரம்பத்தில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை.

ஸ்டோரிலிருந்து ரேடியோவை எடுத்து வந்து மாட்டினார்கள். நானூறு பெண்களும் எழுந்து கைதட்டினார்கள். "துளசிமணி, நீ நல்லா இருக்கோணும்" என்று யாரோ கத்தினார்கள்.

பலகையில் நாச்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. என்ற ரெண்டு பாட்டு! யாரு கண்டுபிடிச்சது, யாருக்குக் கைதட்டு! கத்திரியை ஓங்கி வைத்தாள். எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

துளசிமணி அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிசிரு வெட்டுகிற பலகைக்கு வந்தாள். ரேடியோவில் பாட்டு ஓட்ட அதோடு இணைத்த போன் அவள் கையில் இருந்தது.

"அக்கா, மேசையெல்லாம் ஈரமாக் கெடக்குது. என்ன பாட்டு வெக்கறது?"

நாச்சம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல், வெட்டின நூல் பிசிரை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"என்னமோ வெய்யி. ரெண்டாவது மட்டும் நீளமானதா வெய்யி."